ஷிகராக்கி ஜாடி: பெட்டியை நம்புவதா, அடியைப் பார்ப்பதா?

நெய்தல்: ஜப்பானிய ஏலத்தளம் ஒன்றில் ஷிகராக்கி என்ற ஜப்பானிய ஊரின் சூளையில் சுட்டதாகச் சொல்லும் ஒரு சின்ன மண்ஜாடி வந்திருக்கு. உயரம் 21 செ.மீ., இரட்டை விளிம்பு, தோளைச் சுற்றி ஹிகாகி எனும் வேலி போன்ற குறுக்குக் கோடுகள். வாயில் ஒரு இடத்தில் உடைந்ததை ஒட்டித் தங்கம் பூசிய ஒட்டு. முரோமாச்சி காலம் (1336–1573) என்கிறார் விற்பவர். ஆதாரம்? அதை வைத்திருக்கும் கிரி மரப்பெட்டியின் (கிரி ஒரு லேசான ஜப்பானிய மரம்) மூடியில் மையால் 'பழைய ஷிகராக்கி' என்று எழுதியிருக்கு, அவ்வளவுதான். வாங்கலாமா?

கரிமூட்டம்: பெட்டியை மூடி வைத்துவிட்டு ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்க. இது விதை, தானியம் போட்டு வைக்க உழவர் வீட்டில் புழங்கிய சாமான். செய்தவனே கையெழுத்திட்ட பெட்டி, அதாவது தொமோபாகோ, இதற்கு இருக்க வழியே இல்லை. தேநீர்ச் சடங்கு நடத்தும் தேநீர்க்காரர்கள் பின்னாளில் இதைப் பூ வைக்கும் குடுவையாக எடுத்துக்கொண்டபோதுதான் பெட்டி வந்தது. அந்த எழுத்து பின்னாள் ரசிகர் ஒருவரின் அபிப்பிராயம், பிறப்புச் சான்றிதழ் அல்ல. 'உசுகுமாரு' என்று சொல்லும் இந்தச் சின்ன அளவைத் தேநீர்க்காரர்கள் தேடித்தேடி வாங்குவதால், போலியும் இதில்தான் குவியுது.

பெட்டிக்காரன்: அபிப்பிராயம் என்றால் யாருடைய அபிப்பிராயம் என்று கேட்கணும் இல்லையா? தேர்ந்த ஒருவர் பார்த்துச் சொல்லி எழுதிய கிவாமேபாகோவுக்கும், எங்கிருந்தோ அளவு பார்த்துப் பொருத்திய அவாசேபாகோவுக்கும் வித்தியாசம் இருக்கு. ஜாடி எத்தனை கை மாறியது என்பதைப் பெட்டி ஓரளவு சொல்லும். பெட்டியின் உள்தளத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்க. நெடுநாள் இருந்த ஜாடியின் அடி அங்கே வட்டமாகத் தேய்த்துத் தடம் விட்டிருக்கும். அந்த வட்டத்தின் விட்டம் ஜாடியின் அடியோடு ஒத்துப்போகலைன்னா பெட்டி வேறு ஏதோ சாமானுடையது. கயிறு புதுசாக இருந்தால் கவலை வேண்டாம், அது அற்றுப்போய் மாற்றுவது சகஜம். வெளிப்பக்கம் கருத்து, மூடிக்குள் பளிச்சென்று புது மரம் தெரிந்தால்தான் யோசிக்கணும்.

கரிமூட்டம்: தடம் பார்ப்பது நல்ல யோசனை, ஒப்புக்கொள்றேன். ஆனால் பழைய பெட்டிக்குப் பொருந்துற மாதிரி புது ஜாடி வனைவது சிரமமே இல்லை. பெரிய ஆட்களே ஏமாந்த கதைதானே ஏய்னின் ஜாடி. ஏய்னின் என்ற ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2ஆம் ஆண்டு, அதாவது 1294, என்று பொறித்த, செட்டோ என்ற ஊரின் ஜாடியை 1959இல் ஜப்பான் அரசு முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அறிவிக்க வாதாடியவர் மட்பாண்ட ஆய்வாளர் கொயாமா ஃபுஜியோ, ஜப்பானின் பழைய மட்பாண்ட ஊர்களைச் சேர்த்துச் சொல்லும் 'ஆறு பழைய சூளைகள்' என்ற வகைப்பாட்டைப் பரப்பியவரே அவர்தான். மறுவருஷம் குயவர் கத்தோ தோக்குரோ 'அதைச் செய்தது நான்' என்றார். மேலே கண்ணாடி போல் படிந்த பூச்சான மெருகை எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் சோதித்தார்கள், 1961இல் அறிவிப்பு ரத்து. கொயாமா பதவியை விட்டார். அவரைவிடத் தேர்ந்த கண் யாருக்கு?

பெட்டிக்காரன்: அது உங்க வாதத்துக்கே எதிரா நிக்குது சார்! கொயாமா ஏமாந்தது பெட்டி எழுத்தைப் படித்தா? மண்ணையும் மெருகையும் பார்த்துத்தானே.

கரிமூட்டம்: சரி, அடித்தீங்க. ஆனால் அங்கே தேதியும் பொறித்திருந்தது. எழுதியதை நம்புவதன் ஆபத்தும் அதுதான். நெய்தல், அடியைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்க. ஷிகராக்கி மண்ணில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் மணிகள் வெள்ளையாகத் துருத்தி நிற்கும். நெடுநாள் புழங்கிய ஜாடியில் மேடான மணிகளின் தலை மட்டும் மழுங்கி, பள்ளத்தில் சூளையின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். கீறல்கள் எல்லாத் திசையிலும், ஆழமும் மாறிமாறி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த அடியில் மணியும் மண்ணும் ஒரே மட்டமாக வெட்டுப்பட்டு, கோடுகள் ஒரே பக்கமாக ஓடும். மரச்செருப்பின் பற்கள் பதிந்த மாதிரி அடியில் இரண்டு தடம் இருக்கான்னு எல்லோரும் தேடுவாங்க. அது போலி செய்பவனுக்கும் தெரியும், ஆகவே கூர்மையாகப் பதிந்திருந்தால் மகிழ்ச்சி வேண்டாம்.

அணுக்கரு: இரண்டு பேரும் வெப்ப ஒளிர்வுச் சோதனையை விட்டுட்டீங்க. அடியில் சில மில்லிமீட்டர் துளை போட்டுப் பொடி எடுத்தால், கடைசியாகச் சுட்டது எப்போது என்று சுமாராகச் சொல்லும். பிழை ஏறக்குறைய 20 சதவீதம். 500 வருஷ ஜாடிக்கு முன்னே பின்னே 100 வருஷம். போன தலைமுறையில் சுட்டதைப் பிடித்துவிடும். முரோமாச்சியின் முடிவா, பின்னால் வந்த எடோ காலத்தின் தொடக்கமா என்று பிரிக்காது. செயற்கையாகக் கதிர் பாய்ச்சினால் சோதனையும் ஏமாறும். பழைய அடியின் மேல் புது உடம்பு ஒட்டியிருந்தால், துளை அடியில் மட்டும் போட்டவருக்குத் தெரியவே தெரியாது. எக்ஸ்-கதிர் எடுக்க நினைத்தால் பொடி எடுத்த பிறகு எடுங்க, முன்னாடி எடுத்தால் கணக்குக் கெடும்.

பெட்டிக்காரன்: 21 செ.மீ. ஜாடியில் துளையா? அப்புறம் எந்தத் தேநீர்க்காரரும் தொடமாட்டார்.

அணுக்கரு: ஒட்டுக்கு உள்ளே உடைந்த முகத்திலிருந்து எடுக்கலாம், ஒட்டைப் பிரிக்கச் சம்மதம் இருந்தால். இல்லையென்றால் முதலில் அந்த ஒட்டைப் பாருங்க. புற ஊதா விளக்கில் எபாக்ஸி என்ற செயற்கைப் பசை நீல வெள்ளையாக ஒளிரும், உருஷி என்ற ஜப்பானிய மரப்பால் அரக்கு மங்கலாகவே நிற்கும். அசிட்டோன் நனைத்த பஞ்சை ஓரத்தில் வைத்தால் மேல்பூச்சு வண்ணம் பஞ்சில் ஏறும். தங்கம் என்று சொல்லிப் பித்தளைப் பொடி தூவியிருந்தால் கொஞ்ச காலத்தில் கருக்கும். முக்கியமா, வாயின் உட்பக்கப் படம் கேளுங்க. வெளியே விரல் அகலம் தெரியும் ஒட்டு, உள்ளே பாதி வாயைச் சுற்றி ஓடினால் அந்த இரட்டை விளிம்பே பின்னாள் கட்டுமானம். காலத்தைச் சொல்ல நீங்க நம்பும் அடையாளமே அதுதான், அது போனால் விலையும் போகணும்.

கரிமூட்டம்: இதில் எனக்கு மறுப்பில்லை.

பெட்டிக்காரன்: எனக்கு உண்டு. வாய் உடைந்த பழைய ஜாடிதான் அதிகம், சீர் செய்தது குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் குற்றம். விளக்கத்தில் 'ஒட்டு உண்டு, அளவு இவ்வளவு' என்று எழுதித் தரச் சொல்லுங்க, தராவிட்டால் விடுங்க.

நெய்தல்: ஆறு படம் கேட்டிருக்கேன்: அடி நேர் வெளிச்சத்திலும் பக்க வெளிச்சத்திலும், வாயின் உட்புறம், புற ஊதாவில் ஒட்டு, பெட்டியின் தளம், மூடியின் உட்புறம். உள்ளே வெள்ளையா ஏதோ படிந்திருக்கு. வாங்கினால் பிளீச்சில் ஊற வைக்கலாமா?

அணுக்கரு: கூடாது. மெருகில்லாத மண் பிளீச்சை உறிஞ்சும், காய்ந்ததும் உப்பு நுண்துளைகளில் படிகமாகி மேல்தோலைப் பெயர்த்தெடுக்கும். காய்ந்த மென்தூரிகை போதும். ஒட்டு உருஷி என்று உறுதியாகும் வரை வெந்நீரே காட்டாதீங்க, எபாக்ஸியாக இருந்தால் இளகிக் கிளம்பும்.