போர் வண்டியில் வெளிமாநிலம் செல்பவர் ஏ.ஆர்.டி. மாத்திரையோடு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: திருச்செங்கோடு பக்கத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் வேலை செய்கிறேன்; வருடத்தில் பாதிக்கு மேல் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று வெளிமாநிலத்திலேயே கழிகிறது. நம்பிக்கை மையத்தில் பரிசோதித்து எச்.ஐ.வி. உறுதியானபின், ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் டி.எல்.டி. மாத்திரை தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒன்று. முதல் பத்து நாள் தலைவலியும் குமட்டலும் இருந்தன. அவை நின்றுவிட்டன, ஆனால் தூக்கம்தான் சரியாக வருவதில்லை.

அடுத்த மாதம் வண்டி கிளம்புகிறது. நேரம் தவறிச் சாப்பிடுவதால் எனக்கு அல்சர் தொந்தரவு உண்டு, அதற்குக் கடையில் டானிக் வாங்கிக் குடிப்பேன். இடுப்பு வலி வந்தால் போகிற ஊரில் ஊசி போட்டுக்கொள்வது வழக்கம். உடம்பு தேற வேண்டும் என்று அம்மா ஈரோட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் லேகியம் வாங்கி வைத்திருக்கிறார். இவற்றை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா? உடன் வேலை செய்பவர்களுக்கு என் நிலை தெரியாது. ஆறு பேர் ஒரே இடத்தில் படுக்கிறோம். பையைத் தூக்கினாலே மாத்திரை டப்பா குலுங்கிச் சத்தம் போடுகிறது. மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: திருப்பூரிலிருந்து ஓர் அக்கா

தம்பி, புறப்படும் முன்பே கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். 2014 முதல் கூட்டு மருந்து சாப்பிடுகிறேன். அப்போது கொடுத்த பழைய மாத்திரையில் எபாவிரென்ஸ் இருந்ததால் தலை சுற்றும், இரவெல்லாம் கனவு வரும். அதனால் படுக்கும் நேரத்தில்தான் சாப்பிடச் சொன்னார்கள். 2021-இல் டி.எல்.டி.க்கு மாற்றிய பிறகும் நான் அதே இரவுப் பழக்கத்தை விடவில்லை. சாப்பாடு முடிந்ததும் நெஞ்சு எரியும். உடனே இரண்டு மூடி அல்சர் டானிக், அதன் மேலேயே மாத்திரை. ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிடாத நான், அடுத்த வருடம் வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு) ஆயிரத்துக்கு மேல் வந்தபோது இடிந்துபோனேன். மையத்திலிருந்த ஆலோசகர் என்னைக் குற்றம் சொல்லாமல், காலை எழுந்தது முதல் படுக்கும்வரை வாயில் போடுவது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னார். ஆறாவது வரியில் டானிக் இருந்தது. அங்கே அவர் விரல் நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை.

மாத்திரையைக் காலைக்கு மாற்றினார்கள், டானிக்கை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் கிருமி அடங்கியிருந்தது. காலைக்கு மாறியதில் தூக்கமும் சீரானது. டி.எல்.டி.யில் உள்ள டோலுடெகிராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. உங்களுக்கும் மாற்றலாமா என்று மையத்தில் கேளுங்கள்.

டப்பாவை மாற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் சிறு பொட்டலம் ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்தது; அது இல்லாமல் வேறு டப்பாவில் கொட்டி வைத்தால் மாத்திரை ஈரம் பட்டுக் கெடும். நான் டப்பாவைத் துண்டில் இறுக்கிச் சுற்றி, துணிகளுக்கு நடுவில் வைப்பேன். சத்தம் வராது.

பதில்: ஈரோட்டில் மருந்தாளுநராகப் பணிபுரிபவர்

அக்கா சொன்னதன் காரணத்தை விளக்குகிறேன். டி.எல்.டி. என்பது டெனோபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெகிராவிர் 50 மி.கி. ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில் அடங்கியது. அல்சர் டானிக்குகள் பலவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் உள்ளன. இவை குடலில் டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொள்வதால், மருந்து இரத்தத்தில் சேராமலேயே வெளியேறிவிடுகிறது. எனவே அத்தகைய டானிக் குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, குடித்து ஆறு மணி நேரம் கழித்தோதான் டி.எல்.டி. மாத்திரையைப் போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான். ஆனால் அவற்றை மட்டும் உணவோடு டி.எல்.டி.யையும் சேர்த்து ஒரே நேரத்தில் போடலாம். மக்கள் 'கேஸ் மாத்திரை' என்று பொதுவாகச் சொல்லும் பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் ஆகியவற்றால் டோலுடெகிராவிருக்குத் தடை இல்லை. ஆகவே கடையில் 'அல்சருக்கு ஏதாவது கொடுங்கள்' என்று கேட்காமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

லேகியத்தைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. அயச்செந்தூரத்தில் இருப்பது இரும்பு, சங்கு பற்பத்தில் இருப்பது கால்சியம். சேர்மானம் எழுதாத லேகியத்தில் இவை எவ்வளவு உள்ளன என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவின் மனம் நோகாமல், டப்பாவை மையத்து மருத்துவரிடம் காட்டும்வரை சாப்பிடாமல் வையுங்கள். கம்பங்கூழ், ராகிக்களி போன்ற அன்றாட உணவைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

அடுத்தது இடுப்பு வலி ஊசி. பெரும்பாலும் அது டைக்ளோபினாக்காகத்தான் இருக்கும். டெனோபோவிர் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் மருந்து. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைந்த உடம்பில் அதோடு வலி ஊசியும் அடிக்கடி சேர்ந்தால் சிறுநீரகம் கெடலாம். வலிக்கு முதலில் பாரசிட்டமால் போதுமா என்று கேளுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், மையத்தில் சொல்லும் தேதியில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். டோலுடெகிராவிர் தொடங்கிய முதல் வாரங்களில், சிறுநீரகத்துக்குக் கேடு இல்லாமலேயே கிரியேட்டினின் அளவு சற்றுக் கூடும் என்பதால், அறிக்கையை மையத்து மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுப்பவர்களுக்கு அதன் அளவை நாளொன்றுக்கு 1000 மி.கி.க்குள் வைப்பது வழக்கம். வலிப்பு நோய்க்கான கார்பமாசெபின், பெனிடாயின் ஆகியவை டோலுடெகிராவிரின் அளவைக் குறைத்துவிடும். காசநோய்க்கான ரிபாம்பிசினும் அப்படித்தான். அப்போது டோலுடெகிராவிர் 50 மி.கி. இன்னொன்றைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் கூடுதலாகத் தருவார்கள். நீங்கள் தொடக்க மாதங்களில் இருக்கிறீர்கள். எதிர்ப்பு சக்தி திரும்பும் இந்தக் காலத்தில்தான் உள்ளே அடங்கியிருந்த காசநோய் சில சமயம் வெளிப்படுகிறது. இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோடு தடிப்பு, கண் மஞ்சளாதல், கால் வீக்கம், சிறுநீர் குறைதல் இவற்றுக்கும் உடனே மருத்துவரைப் பாருங்கள். ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கல்லீரல் அழற்சி பி கிருமியும் உடம்பில் இருப்பவர்கள் திடீரென நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

கேள்வி கேட்டவர்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. டானிக்கைக் கடந்த வாரம்கூட மாத்திரையோடு குடித்தேன் என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். மாத்திரை ஒரு வேளை தவறினால் என்ன செய்வது? வெளிமாநிலத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டால் எங்கே போவது?

பதில்: நாமக்கல்லிலிருந்து, லாரி ஓட்டுநராக இருந்தவர்

தம்பி, ஒரு வாரத்தால் எதுவும் கைமீறிப் போகவில்லை, பயப்படாதீர்கள். மையத்தில் மறைக்காமல் சொல்லுங்கள், அது போதும்.

இலவச ஏ.ஆர்.டி. மருந்து 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியபோது, நாமக்கல்லிலிருந்து இரவுப் பேருந்து ஏறித் தாம்பரம் மருத்துவமனைக்குப் போய் வாங்கி வந்தவர்களில் நானும் ஒருவன். அன்று காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை. லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போகும்போது இரவு மாத்திரை எத்தனையோ முறை தவறியிருக்கிறது, அதன் பலனையும் அனுபவித்தேன். உங்களுக்கு ஒரே வேளைதான். தவறியது நினைவுக்கு வந்தவுடன் போட்டுவிடுங்கள். அடுத்த மாத்திரைக்கு நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்தால், தவறியதை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டை ஒன்றாகப் போடக் கூடாது. குடிப்பழக்கம் இருந்தால் வேளை தவறுவது அங்கிருந்துதான் தொடங்கும், இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

கிளம்பும் தேதியை மையத்தில் முன்கூட்டியே சொல்லி, எத்தனை மாதத்துக்கு மாத்திரை தர முடியும் என்று கேளுங்கள். சிகிச்சைப் புத்தகத்தைக் கையோடு வையுங்கள். அதைக் காட்டி, போகிற ஊரின் ஏ.ஆர்.டி. மையத்தில் உதவி கேட்கலாம். எந்த மையம் அருகில் உள்ளது என்று அறிய 1097 என்ற இலவச எண் இருக்கிறது. டப்பாவை வண்டியின் கேபினில் கண்ணாடிக்குப் பக்கத்திலோ என்ஜின் சூட்டிலோ வைக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் சூடு படாமல், நிழலான இடத்தில் இருக்க வேண்டும்.

வெளியூர் மருத்துவரிடம் ஊசி போடப் போனால் டி.எல்.டி. சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின்படி, அதைக் காரணம் காட்டி அவர் சிகிச்சையை மறுக்கவோ, உங்கள் முதலாளியிடம் சொல்லவோ கூடாது. ஆறாம் மாத வைரல் லோடு பரிசோதனை எந்தத் தேதியில் வருகிறது என்று கணக்கிட்டு, அப்போது ஊரில் இருக்கும்படி விடுமுறையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

திங்கட்கிழமை மையத்துக்குப் போகிறேன். டானிக் பாட்டில், லேகிய டப்பா இரண்டையும் பையில் வைத்துவிட்டேன். நான் சாப்பிடுவதை எல்லாம் அக்கா சொன்னபடி ஒரு தாளில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை ஒன்பது வரி வந்திருக்கிறது.