ஆர்எக்ஸ் 100 ஃபிரேமில் 135 எஞ்சின்: ரெண்டாவது முறையும் பிஸ்டன் பிடித்துவிட்டது

மணப்பாறை_100:
அப்பாவின் 1994 யமஹா ஆர்எக்ஸ் 100. பாட்டம் (எஞ்சினின் அடிப்பாகம், கிராங்க் இருக்கும் இடம்) போய் மூன்று வருடமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஆர்எக்ஸ் 135-இன் ஐந்து கியர் எஞ்சின் ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. வீட்டு வாசலிலேயே நானும் சித்தப்பா மகனும் சேர்ந்து மாட்டினோம். ஃபிரேமில் எங்கும் வெட்டவில்லை, வெல்டு வைக்கவில்லை. கார்புரேட்டர் மட்டும் பழைய 100-இன் கார்ப்.

300 கிலோமீட்டர் ஓடியதும், திண்டுக்கல் ரோட்டில் வையம்பட்டி தாண்டி 80-இல் போகும்போது பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிப் பிடித்து, பின் சக்கரம் கீச்சென்று இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு "போர் டைட்", அதாவது சிலிண்டர் துளை பிஸ்டனுக்கு இறுக்கம் என்று, துளையைக் கடைந்து 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார். இந்த முறை 180 கிலோமீட்டர்தான். மறுபடியும் அதே கதை.

ஆயில் பம்ப் கிடையாது, பெட்ரோலில் கலந்துதான் ஊற்றுகிறேன். இன்னொரு போர் செலவுக்குக் கையில் காசில்லை. என்னதான் பிரச்சினை?

கரூர்_டூஸ்ட்ரோக்:
சின்ன கார்ப்பைப் பெரிய எஞ்சினில் போட்டால் லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஆகத்தானே செய்யும் தம்பி. மெயின் ஜெட்டை (கார்ப்பில் பெட்ரோல் வரும் துளை) ஏற்று, சரியாகிவிடும்.

பழைய_பட்டறை:
கரூர் தம்பி, அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பெரிய எஞ்சின் காற்றை அதிகமாக இழுக்கும்போது, அதே ஜெட் வழியாகப் பெட்ரோலும் அதிகமாகத்தான் வரும். கார்ப் சின்னது என்றால் மேல் வேகத்தில் மூச்சு முட்டும், அவ்வளவுதான். 135-க்கு உரிய கார்ப் போடுவது நல்லது. ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

மணப்பாறை தம்பி, மூன்று கேள்வி. பிஸ்டனில் கோடு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது? லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில்? ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சின் உடனே அடங்குகிறதா?

மணப்பாறை_100:
அண்ணா, ரெண்டு பிஸ்டனிலும் சைலன்சர் பக்கம் மட்டும்தான் கோடு. மற்ற பக்கம் பளபளவென்று இருக்கிறது. ஆயில் 20 மில்லி. மூன்றாவது கேள்வியை எப்படிக் கேட்டீர்கள் என்றுதான் தெரியவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டாலும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே நின்று, அப்புறம்தான் இறங்கும். கேபிள் ஒட்டுகிறது என்று நினைத்துப் புதுக் கேபிள் போட்டேன். அப்படியேதான் இருக்கிறது.

பழைய_பட்டறை:
அப்படியானால் போர் மேல் குற்றமில்லை. போர் டைட்டாக இருந்தால் பிஸ்டனைச் சுற்றி நாலு மூலையிலும் கோடு விழும். சைலன்சர் பக்கம் மட்டும் விழுந்தால் சூடு, அதாவது பெட்ரோல் போதவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டும் எஞ்சின் அடங்கவில்லை என்றால், கார்ப்புக்குத் தெரியாமல் வேறு எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்றோடு பெட்ரோலும் வராது, ஆயிலும் வராது. வருடக்கணக்கில் சும்மா கிடந்த எஞ்சினில் கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்டின் ரெண்டு பக்கமும் காற்று புகாமல் அடைக்கும் வளையம்) ரப்பர் அப்பளமாகத்தான் இருக்கும்.

போர் போடக் கொடுக்காதீர்கள். சிலிண்டரில் ஒட்டியிருக்கும் அலுமினியத்தை எடுத்து ஹோன் (உட்சுவரை லேசாக உரசுவது) மட்டும் பண்ணி, சைஸ் தாங்குகிறதா பாருங்கள். தாங்கினால் அதே சைஸில் புதுப் பிஸ்டன் போட்டுப் பூட்டுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

சைலன்சரைக் கழற்றி, அந்த வாயில் டியூப் ரப்பர் வைத்து ஒரு தகட்டால் இறுக்குங்கள். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும், பிஸ்டன் கீழே இருக்கட்டும். எங்காவது காற்று கசிகிறதா என்று பார்க்க, காற்றை மேனிஃபோல்டில் (கார்ப்பை எஞ்சினோடு சேர்க்கும் குழாய்) கார்ப் உட்காரும் பக்கமிருந்துதான் ஏற்ற வேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் ரீடு வால்வு உள்நோக்கி மட்டும்தான் திறக்கும். பிளக் ஓட்டை வழியாக ஏற்றினால் மேனிஃபோல்டு சோதனைக்குள்ளேயே வராது. 6 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் நல்ல சீலும் பிதுங்கிவிடும், ஜாக்கிரதை. வீட்டில் பழைய பிபி கருவி இருந்தால் அதன் பந்தும் மீட்டருமே போதும். 300 வரைக்கும் ஏற்றினால் கிட்டத்தட்ட அந்த 6 பிஎஸ்ஐதான். முள் ஐந்து நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் மேக்னெட் பக்கம், மேனிஃபோல்டு, சிலிண்டர் அடி எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். எங்கும் குமிழி வராமல் முள் மட்டும் இறங்கினால் கிளட்ச் பக்கத்து சீல். அது போனால் கியர் ஆயிலை உறிஞ்சிக்கொண்டு வெள்ளையாகப் புகை விடும்.

ஆயில் 20 மில்லி புது பிஸ்டனுக்குக் குறைவு. 35 ஊற்றுங்கள், பழகின பிறகு 30.

மணப்பாறை_100:
அண்ணா, பாட்டியின் பிபி கருவி! 300-இல் நிறுத்திவிட்டு நிமிர்வதற்குள் 100-க்கு வந்துவிட்டது. மேக்னெட்டைக் கழற்றி சோப்புத் தண்ணீர் தடவினால், கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி குழந்தை எச்சில் ஊதுவது மாதிரி நுரை. மேனிஃபோல்டு ரப்பரிலும் மடித்துப் பார்த்தால் தெரியும் அளவுக்கு ஒரு வெடிப்பு. ரெண்டு பக்க சீலும், ரப்பரும் வாங்கியாயிற்று. முதல் தடவையே இதைப் பார்த்திருந்தால் ஒரு போர் மிச்சம். சிலிண்டர் ஹோனிலேயே சரியாகிவிட்டது.

ஆர்சி_புத்தகம்:
வேலைக்கு நடுவே கசப்பாக ஒன்று. உங்கள் ஆர்சியில் 98 சிசி, பழைய எஞ்சின் நம்பர். இப்போது வண்டியில் இருப்பது 132 சிசி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைத்தான் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி விவரத்துக்கு மாறான மாற்றம் செல்லாது என்றது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ: ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். அதைவிட, எங்காவது இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது எஞ்சின் நம்பரைத்தான்.

கரூர்_டூஸ்ட்ரோக்:
ஊரில் பாதி ஆர்எக்ஸ் இப்படித்தான் ஓடுகிறது சார்.

ஆர்சி_புத்தகம்:
ஓடுகிறது. மாட்டும் வரைக்கும்.

பழைய_பட்டறை:
அவர் சொல்வது சரிதான். நானும் ஒன்று சேர்க்கிறேன். 100-க்கு 11 குதிரை, ஐந்து கியர் 135-க்கு 14. வேகம் கூடியிருக்கிறது, நிறுத்துவது அதே டிரம் பிரேக். பின் பிரேக் ஷூ முப்பது வருடத்தில் எத்தனை முறை மாற்றினீர்கள்? ரெண்டு ஷூவும், கேபிளும் மாற்றாமல் 80 பக்கம் போகாதீர்கள். எந்த டூ-ஸ்ட்ரோக்கிலும், புதிதாகக் கட்டியதில் கட்டாயமாக, இடது கையின் ஒரு விரல் கிளட்ச் மேலேயே இருக்கட்டும். பிஸ்டன் பிடித்த அந்த நொடியில் கிளட்ச்சை அமுக்கினால் சறுக்காமல் ஓரம் கட்டிவிடலாம்.

மணப்பாறை_100:
கடைசித் தகவல். சீல் மாற்றியபின் முள் ஐந்து நிமிடத்தில் 300-இலிருந்து 290-க்குத்தான் வந்தது. ஆக்சிலரேட்டரை விட்டதும் கப்பென்று அடங்குகிறது. 135 கார்ப் போட்டுவிட்டேன். மாமாவின் தோப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி 60 கிலோமீட்டர் ஓட்டினேன். பிளக் காப்பிக் கலரில் இருக்கிறது, அதாவது பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலக்கின்றன.

ரோட்டுக்கு இதை எடுக்கப் போவதில்லை. 100-இன் பாட்டத்தைக் கிராங்க் கட்டக் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்குள் தந்துவிடுவதாகச் சொன்னார். எந்தத் தீபாவளி என்று கேட்கவில்லை.