பாயின்ட் 22 பிஸ்டல்: பக் மார்க் திருகு உண்மையிலேயே கழலுமா?

ராஜாளி:
குறிபார்த்துச் சுடப் பழகுகிறவர்கள் ரூகர் மார்க் 4 மட்டும்தான் வாங்கவேண்டுமாம். பிரவுனிங் பக் மார்க் "திருகு கழன்றுவிழும் விளையாட்டுச் சாமான்" என்று ஒருவர் நேற்று இங்கே எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1985 முதல் விற்பனையில் இருக்கும் பிஸ்டல் அது. வாங்கிய அன்றே அதன் டிரிகர் ரூகரைவிடச் சுத்தமாக விடுபடும். என்னுடையதில் எந்தத் திருகும் கழன்றதில்லை.

டல்லாஸ் சேது:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். பக் மார்க்கில் பின்பக்கக் குறிகாட்டி உட்கார்ந்திருக்கும் மேல்பட்டையை இரண்டே திருகுகள் பிடித்திருக்கின்றன. சுடச்சுட அவை தளரும். பட்டை இம்மி அசைந்தாலும் தாளில் குண்டு வேறெங்கோ விழும். ரூகரில் அந்தப் பேச்சே இல்லை. சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் உலோகத் துண்டு (போல்ட்) உருளைக்குள்ளேயே ஓடுகிறது. குழலும் குறிகாட்டியும் அசைவதில்லை. 1949இல் 37.50 டாலருக்கு விற்ற முதல் ரூகரிலேயே அமைப்பு இதுதான்.

ராஜாளி:
மரையில் ஒரு சொட்டுப் பசை விட்டால் திருகு நிற்கும். இதற்கு இவ்வளவு பெரிய பிரசங்கமா?

டல்லாஸ் சேது:
பசை விட்டால்தான் நிற்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாஞ்சிலான்:
இருவரும் "நம்பகம்" என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒவ்வொரு தோட்டாவும் வெடிப்பதையா, குறி மாறாமல் இருப்பதையா? பாயின்ட் 22 (0.22 அங்குல) தோட்டாவில் தீமூட்டும் கலவை அடிவிளிம்புக்குள் இருக்கிறது. அது விளிம்பு முழுவதும் சீராகப் பரவியிராவிட்டால் ஊசி அடித்தும் வெடிக்காது. பிஸ்டல்மீது போடும் பழியில் பாதி மலிவுத் தோட்டாவுக்கு உரியது. வாங்கும் முன் இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களைச் சுட்டுப்பாருங்கள்.

டல்லாஸ் சேது:
தோட்டாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, தம்பி. பேச்சு திருகைப் பற்றியது.

நாஞ்சிலான்:
தம்பியா? எனக்கு 56 வயது. முகம் தெரியாதவரிடம் மரியாதையாகப் பேசப் பழகிக்கொள்ளுங்கள்.

டல்லாஸ் சேது:
வயதைச் சொன்னால் திருகு இறுகிவிடுமா? பக் மார்க்கைப் பிரித்துத் துடைக்க வேண்டுமானால் அதே இரண்டு திருகுகளைத்தான் கழற்றவேண்டும். திரும்ப முடுக்கியபின் குறி பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று சுட்டுப்பார்க்கவேண்டும். 2016இல் வந்த மார்க் 4இல் பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்தினால் மேற்பகுதி அப்படியே மடிந்து கழன்றுவரும். குறிகாட்டியைத் தொடவே வேண்டாம்.

ராஜாளி:
அந்தப் பொத்தான் வருவதற்கு முன் மார்க் 3 வைத்திருந்தவர்கள் பட்டபாடு மறந்துவிட்டதா? துடைத்துத் திரும்பப் பூட்டும்போது, ஊசியை அடிக்கும் சுத்தியலின் பின்தண்டு சுருள்வில்லின் தொப்பியில் சரியாக உட்காரவேண்டும். அதற்காகப் பிஸ்டலைக் குப்புறப் பிடித்தும் நிமிர்த்தியும் அல்லாடினார்கள். இன்னொன்று, 2017இல் மார்க் 4 பிஸ்டல்களை ரூகர் திரும்ப அழைத்தது. பாதுகாப்பு விசை நடுவில் நிற்கும்போது டிரிகரை இழுத்துவிட்டு, பிறகு விசையைச் சுடும் நிலைக்குத் தள்ளினால் தானாகவே வெடிக்கக்கூடும் என்பதால். என் திருகு கழன்றால் குறி தவறும், அவ்வளவுதான். உங்களுடையதில் ஆள் போயிருப்பான்.

டல்லாஸ் சேது:
நிறுவனமே அறிவித்து, இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அதை இன்னமும் பிடித்துத் தொங்குகிறவர்களிடம் வேறு வாதம் இல்லை என்று அர்த்தம். பிரவுனிங் அந்தத் திருகுக்கு என்ன செய்தது?

வேங்கை41:
ஸ்மித் அண்ட் வெஸன் 41 என்று ஒரு பாயின்ட் 22 பிஸ்டல் 1957 முதல் இருக்கிறது. அதன் டிரிகரைத் தொட்டவர்கள் இந்த இரண்டையும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ராஜாளி:
இரண்டு பக் மார்க் வாங்கும் பணத்தைக் கொட்டி அதை வாங்கவேண்டும். வாங்கியபின் அது தோட்டாவுக்குத் தோட்டா முரண்டுபிடிக்கும். விலை கொடுத்தால் நம்பகம் வந்துவிடாது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றின் நடுவில் மனு பாக்கரின் ஏர் பிஸ்டல் பழுதாகவில்லையா?

டல்லாஸ் சேது:
ஏர் பிஸ்டலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பதில் இல்லாதபோதெல்லாம் ராஜாளி வேறு மரத்துக்குத் தாவுவார். போன வருடம் தொலைநோக்கி விவாதத்திலும் இதே கதைதான். நான் நேராகவே கேட்கிறேன்: துடைப்பதற்காகக் குறிகாட்டியின் திருகைக் கழற்றவேண்டுமா, வேண்டாமா?

ராஜாளி:
தொலைநோக்கி விவாதத்தில் நான் சொன்னதுதான் சரி என்று அங்கே நான்கு பேர் எழுதினார்கள். இணைப்பை எடுத்துப் போடட்டுமா?

டல்லாஸ் சேது:
போடுங்கள். அந்த நால்வரில் மூவர் உங்கள் சுடுகளத்து ஆட்கள் என்பதையும் சேர்த்தே போடுங்கள்.

நாஞ்சிலான்:
தம்பி என்று அழைத்ததற்கு இன்னும் எனக்குப் பதில் வரவில்லை.