ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் நர்சிங் அசோசியேட் பயிற்சியில் சேரும் தமிழர்களுக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. பராமரிப்பு இல்லங்களிலும் வார்டுகளிலும் ஹெல்த்கேர் அசிஸ்டன்டாக இருப்பவர்கள் இரண்டாண்டு படித்து இந்தப் பதவிக்கு வரலாம். 2019 ஜனவரியிலிருந்து அங்குள்ள செவிலியர் பதிவேட்டில் இதற்குத் தனிப் பகுதி உண்டு. படிப்பும் மதிப்பீடும் ஆங்கிலத்தில்தான். கருத்தைத் தாய்மொழியில் பிடித்துக்கொள்ள மட்டுமே கையேடு. மற்ற சொற்கள் ஒருவாறு முடிந்தன. ரிஃப்ளெக்‌ஷன் என்ற இடத்தில் வண்டி நிற்கிறது: தன் பணியைத் தானே எண்ணிப் பார்த்துக் கற்பது. அப்படியே வேலை செய்வது ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ். வரைவில் இப்போது "பிரதிபலிப்பு". வெள்ளிக்கிழமை அச்சகம்.

க.

---

பிரதிபலிப்பு வேண்டவே வேண்டாம். வடசொல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கண்ணாடி பிரதிபலிக்கும், கண்ணாடிக்கு யோசனை கிடையாது. நல்ல வேரிலிருந்து எடுப்போம். உள்ளுதல் என்றால் நினைத்தல், "உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்". ஆகவே மீளுள்ளல். ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ், "மீளுள்ளற் பயில்வு".

மு.

---

ஐயா, "மீளுள்ளற் பயில்வு" என்று படிக்கிற பிள்ளை அதை விளங்க இன்னொரு கையேடு தேடும்.

பிரதிபலிப்பு வேண்டாம் என்பதில் நானும் உங்களோடுதான். ஒளி விஷயத்தில் தமிழ்நாட்டுப் பாடநூலில் எதிரொளிப்பு, எங்கட இலங்கைப் பாடநூலில் தெறிப்பு. ஒளிக்கே இரண்டு கரையிலும் ஒரு சொல் இல்லை, மனசுக்கு எங்கே போவது? "மீட்டல்" என்று போடலாமோ என்றும் யோசித்தேன். ஆனால் இலங்கையில் மீட்டல் என்றால் சோதனைக்கு முன் பாடத்தைத் திரும்பப் படிப்பது.

தே.

---

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போமா? வார்டில் இது என்ன வேலை என்று தெரிந்தால் பாதிச் சொற்கள் தாமே உதிர்ந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. பயிற்சியாளர் மூச்சை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கி 16 என்று எழுதுகிறார். மேற்பார்வைச் செவிலியர் முழு 60 வினாடி எண்ணினால் 24. நோயாளியின் நிலை மோசமாவதை மதிப்பெண்ணால் காட்டும் நியூஸ்-2 அட்டவணையில் 16க்கு மதிப்பெண் 0, 24க்கு 2. மற்ற அளவுகளில் ஏற்கெனவே 3 இருந்தால் கூட்டுத்தொகை 5. அது அவசரமாக ஆள் வந்து பார்க்கவேண்டிய எல்லை. அதாவது அந்த 16 ஒரு நோயாளியை வரிசையில் பின்னால் தள்ளிவிட்டது.

இதைப் பற்றிப் பயிற்சியாளர் எழுதுவதுதான் ரிஃப்ளெக்‌ஷன். கல்வியாளர் கிப்ஸ் 1988இல் தந்த சுழலில் ஆறு படிகள். கையேட்டுக்கு அவற்றை இப்படி வைக்கலாம்: நடந்தது, உணர்ந்தது, நன்றும் தீதும், ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், இனி. வழக்கமாகக் கெடுவது எங்கே? பக்கத்தில் முக்கால் பங்கு "நடந்தது", கடைசியில் ஒரு வரி "இனி கவனமாக இருப்பேன்". அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. "மூச்சை எப்போதும் 60 வினாடி, கடிகாரம் பார்த்து எண்ணுவேன், அடுத்த வாரத்துக்குள் ஐந்து நோயாளிகளிடம் எண்ணி, மேற்பார்வையாளரின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவேன்" என்று இருந்தால்தான் யாராவது சரிபார்க்க முடியும்.

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. "அளவு தவறாகக் குறிக்கப்பட்டது" என்று செயப்பாட்டுவினையில் ஒளிந்துகொள்கிறோம். யார் குறித்தது? "நான்" என்று தொடங்கவேண்டிய எழுத்து இது. நோயாளியின் பெயர், வார்டு, படுக்கை எண் மட்டும் எங்கும் வரக்கூடாது.

வா.

---

அருமை அம்மா. அந்த "நான்" பத்தி அப்படியே கையேட்டில் போகட்டும்.

மூன்று கேள்வி முறையையும் சேர்க்கிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் உள்ளபடி "என்ன? அதனால் என்ன? இனி என்ன?" என்று போட்டுவிடாதீர்கள். "நோயாளிக்கு மூச்சு 24." "அதனால் என்ன?" தமிழில் இது கேள்வி இல்லை, அலட்சியம்! "அது எதைக் காட்டுகிறது?" என்று மாற்றுங்கள்.

சொல்லுக்கு என் வாக்கு: மீள்சிந்தனை. மறுசிந்தனை கூடாது, அது எடுத்த முடிவை மாற்றுவது, மறுபரிசீலனையின் தம்பி.

சு.

---

மீள்சிந்தனை வினைத்தொகை. ஒற்று மிகாதது சரிதான். ஆனால் மீள் தன்வினை. மீண்ட, மீள்கின்ற, மீளும் சிந்தனை என்று விரியும். சிந்தனையே எங்கோ போய்த் திரும்பி வருவதாக ஆகிறது! நாம் நிகழ்ச்சிக்கு அல்லவா திரும்புகிறோம்? தவிர, சிந்தனையும் வடசொல்.

இன்னொன்று. "எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு". செய்தபின் எண்ணுவதையே பாடமாக்கினால் வள்ளுவர் என்ன சொல்வார்?

மு.

---

"சிந்தனை நின்தனக்கு ஆக்கி" என்று மாணிக்கவாசகர் பாடியாயிற்று. இனி அந்தச் சொல்லை விமான நிலையத்தில் நிறுத்தி விசா கேட்காதீர்கள் ஐயா.

குறளுக்குக் குறள்: 655. "எற்றென் றிரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று". தவறிச் செய்துவிட்டால் அதுபோன்றதை மறுபடி செய்யாதே என்பது மணக்குடவர் வழி. பரிமேலழகரோ, செய்துவிட்டால் பிறகு உட்கார்ந்து இரங்குவதை விடு என்கிறார். இரண்டும் சேர்ந்தால் வா. அம்மா சொன்ன "இனி" என்ற படி கிடைத்துவிடுகிறது: புலம்பாதே, மறுபடி செய்யாதே.

சு.

---

உரை வேறுபாட்டைச் சமரசமாக்கியது நயம்தான், ஆனால் இரண்டு உரையும் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியாது. "அன்ன" என்பது எதைச் சுட்டுகிறது? செயலையா, இரங்கலையா? தனி இழையில் பேசுவோம்.

மு.

---

தனி இழை நன்று :)

எனக்கு மீள்சிந்தனையில் வேறு குறை தெரிகிறது. இதைப் பற்றி எழுதிய அறிஞர் ஷோன் 1983இல் இரண்டு வகை சொன்னார்: செயலுக்குப் பிறகு நினைப்பது, செயல் நடக்கும்போதே நினைப்பது. சலைன் ஏறிக்கொண்டிருக்கிறது, கை வீங்கி, தொட்டால் குளிர்கிறது. உடனே நிறுத்தி, ஊசி நரம்பை விட்டு விலகியிருக்குமோ என்று பார்த்து, பொறுப்புச் செவிலியரைக் கூப்பிடுவது இரண்டாவது வகை. அங்கே மீள்வதற்கு ஒன்றும் இல்லை, நிகழ்ச்சி இன்னும் முடியவில்லையே! இரண்டுக்கும் பொதுவான சொல் வேண்டுமானால் "ஓர்வு". ஓர்தல், ஆராய்தல், "ஓர்ந்துகண் ணோடாது" குறளிலேயே இருக்கிறது. செயலிடை ஓர்வு, செயற்பின் ஓர்வு. சின்னச் சொல், நாக்கிலும் நிற்கும்.

தே.

---

ஓர்வு அழகு. ஆனால் ஓர்மை, ஓர்வு, ஒரு, ஓர் எல்லாம் கலந்துவிடும். "ஓர் ஓர்வு எழுதுக" என்று வந்தால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்.

பிராக்டிஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "மீள்சிந்தனைப் பயிற்சி" என்றால் தியான வகுப்பு மாதிரி ஒலிக்கிறது. இது ஒரு தடவை எழுதிக் கொடுத்து முடிகிற பயிற்சி இல்லை. பதிவு வாங்கிய பிறகும் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க ஐந்து எழுத்துக் குறிப்புகள் வைத்திருக்க வேண்டும். அவற்றைப் பதிவுபெற்ற இன்னொருவரோடு உட்கார்ந்து பேசவும் வேண்டும். அதனால் "மீள்சிந்தனையோடு பணிசெய்தல்" என்று விரித்தே எழுதலாம். எல்லாவற்றையும் ஒற்றைச் சொல்லாக்க வேண்டும் என்று யார் சொன்னது?

வா.

---

வியாழன் இரவு ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தால் மீள்சிந்தனைக்கு நால்வர் (தனிமடலில் வந்த இருவரையும் சேர்த்து), ஓர்வுக்கு ஒருவர், மீளுள்ளலுக்கு ஒருவர். மீள்சிந்தனை என்று போட்டு, பக்கத்தில் ரிஃப்ளெக்‌ஷன் என்று தமிழ் எழுத்திலேயே தருகிறேன். செயலிடைச் சிந்தனைக்குத் தனிப் பத்தி, தே. சொன்ன சலைன் எடுத்துக்காட்டு அங்கே போகிறது.

ஒன்று மட்டும் பாக்கி. அட்டையில் நர்சிங் அசோசியேட்டுக்கு "துணைச்செவிலியர்" என்று இருக்கிறது. சரிதானே?

க.

---

சரியில்லை! தமிழ்நாட்டில் துணைச்செவிலியர் என்றால் ஏ.என்.எம்., பேறுகாலமும் பார்க்கும் உதவிச் செவிலியர். அது வேறு படிப்பு, வேறு வேலை. அசோசியேட் புரொஃபசர் இணைப்பேராசிரியர் ஆவதுபோல் இணைச்செவிலியர் என்க.

சு.

---

இணை என்றால் சமம் என்று எடுத்துவிடுவார்கள். இந்தப் பதவி அசிஸ்டன்டுக்கும் பதிவுபெற்ற செவிலியருக்கும் நடுவில். பராமரிப்புத் திட்டத்தை வகுப்பது செவிலியர். அசோசியேட் அதன்படி பராமரித்து, கண்காணித்து, மாற்றத்தைச் சொல்பவர். நர்சிங் அசோசியேட் என்றே விடுங்கள். பணியட்டையிலும் அதுதான் இருக்கும்.

வா.

---

தமிழ்க் கையேட்டின் அட்டையிலேயே ஆங்கிலமா? 950ஆம் குறளில் "உழைச்செல்வான்" இருக்கிறான்: நோயாளியின் பக்கத்தில் இருந்து செய்பவன். உழைச்செல்வர் என்று பலர்பாலாக்கினால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். செவிலி என்பதோ வளர்ப்புத்தாய். மீளுள்ளலையும் நான் இன்னும் கைவிடவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன்.

மு.

---

ஐயா, உழைச்செல்வர் என்றால் உழைத்துச் செல்வம் சேர்த்தவர் என்றல்லவா வாசிப்பார்கள்? இந்தச் சம்பளத்தில் அது நடக்காது.

தே.