புதுப்பிப்பு: வயிறு உப்பிய நியூட் குட்டிகள்

ஃபயர் பெல்லி நியூட் (பல்லி மாதிரி இருக்கும் நீர்நில வாழ்வி) குட்டிகள் இரண்டுக்கு வயிறு பலூன் மாதிரி உப்பிவிட்டது, தீனியும் தொடவில்லை என்று போன பதிவில் புலம்பியிருந்தேனே, அதில் ஒன்று தேறிவிட்டது. மற்றது போய்விட்டது.

மலச்சிக்கல் என்றுதான் பலர் சொன்னீர்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வயிற்றுக்குள் வெளிச்சம் ஊடுருவியது, முழுக்க நீர். சிறுநீரகம் தடுமாறினால், தோல் வழியே இறங்கும் தண்ணீரை வெளியேற்ற முடியாதாம். ஆம்பிபியன் ரிங்கர் கரைசலில் (நீர்நில வாழ்விகளுக்கான உப்புக் கரைசல்), கால் நனையும் ஆழத்தில் மட்டும், தனியாக வைக்கச் சொன்னார். கரைசலில் உள்ள உப்பு, உடம்பில் தேங்கிய நீரை வெளியே இழுக்கும். கூடவே எடை பார்த்து ஆன்டிபயாடிக். (ஒரு கிராம்கூடத் தேறாத உயிருக்கு டோஸ் கணக்கு!) வெப்பம் 18 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

தேறிய குட்டிக்குத் தாடைக்கு அடியில் இருந்த வீக்கமும் வடிந்து, இப்போது ஈரப்பாசியில் ஸ்பிரிங்டெயிலை (தீனியாகப் போடும் குட்டிப் பூச்சி) துரத்துகிறது. பழைய பெட்டிக்கு இப்போதைக்கு அனுப்புவதாக இல்லை.