ரத்த ஸ்மியர், ஸ்டெயினிங் இரண்டையும் இயந்திரத்துக்கு மாற்றலாமா?

வேப்பமரத்தடி:

சென்னையில் ஒரு கால்நடை ஆராய்ச்சி ஆய்வகத்தில் இருக்கிறேன். உண்ணியால் பரவும் ரத்த ஒட்டுண்ணிகள்தான் எங்கள் ப்ராஜெக்ட். நாய் ரத்தத்தில் பபீசியா ஜிப்சோனி, எர்லிக்கியா, மாட்டு ரத்தத்தில் தைலீரியா, அனபிளாஸ்மா பார்க்கிறோம். சில நாள் வெள்ளாட்டு மாதிரியும், பக்கத்துக் குழுவின் சுண்டெலி ரத்தமும் வந்து சேரும். ஒரு நாளைக்கு 40 முதல் 60 ஸ்லைடு. எல்லாம் ஸ்லைடில் மெல்லிய படலமாக (ஸ்மியர்) கையால் இழுத்து, லெய்ஷ்மன் என்ற சாயம் ஊற்றி (ஸ்டெயின்), கம்பி ஸ்டாண்டில் வரிசையாக வைத்துச் செய்கிறோம்.

மூன்று பேர் செய்கிறோம், மூன்று விதமாக வருகிறது. ஒருவர் ஸ்லைடு நீலமாக, இன்னொருவர் ஸ்லைடு வெளிறி. இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. சமீபத்தில் வந்த ஒரு தொகுதியில் சிவப்பணுக்களுக்குள் சின்ன வட்டங்கள் பார்த்துச் சில நாய்களைப் பபீசியா என்று எழுதிவிட்டோம், ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை அத்தனையும் நெகட்டிவ். அந்த முடிவு நாய் வளர்ப்பவர்களிடம் போகவில்லை, ஆனால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

இப்போது கொஞ்சம் நிதி இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் இருப்பது போல ரத்தக் குழாயைக் கொடுத்தால் ஸ்மியர் போட்டு ஸ்டெயினும் செய்து தரும் முழுத் தானியங்கியை வாங்கலாமா? விற்க வந்தவர் எல்லா விலங்குக்கும் அப்படியே ஓடும் என்கிறார். இல்லை, ஸ்லைடுகளைச் சாய ஜாடிகளில் முக்கி எடுக்கும் டிப்பிங் கருவி ஒன்றை நாமே செய்துகொள்ளலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செவ்வணு:

கிளினிக்கல் பேத்தாலஜியில் ரொம்ப வருடமாக இருக்கிறேன். என் கருத்து, ஸ்டெயினிங்கை இயந்திரத்திடம் கொடுங்கள், ஸ்மியரை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

அந்த முழுத் தானியங்கிகள் ரத்தத்தின் ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) எவ்வளவு என்று செல்களை எண்ணும் கவுண்டரிடமிருந்து வாங்கி, அதற்கேற்ப சொட்டின் அளவு, சொட்டை இழுக்கும் ஸ்ப்ரெடர் சாயும் கோணம், இழுக்கும் வேகம் மூன்றையும் மாற்றிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த அளவு சரியாக இருந்தால்தானே. மனிதச் சிவப்பணுவின் கொள்ளளவு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர், பூனைக்கு ஏறக்குறைய அதில் பாதி, வெள்ளாட்டுக்கு 15 முதல் 25தான். மனிதருக்கான செட்டிங்கில் வெள்ளாட்டு ரத்தத்தை ஓட்டினால் சிவப்பணுவையே பிளேட்லெட் என்று எண்ணிவிடும், ஹீமடோகிரிட் தப்பாகப் போகும், அந்தத் தப்பை நம்பி ஸ்மியரும் தப்பாக இழுக்கப்படும். கால்நடைக்கான மென்பொருளோடு வருகிற கவுண்டர் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். "எல்லா விலங்குக்கும் ஓடும்" என்றவரிடம் உங்கள் வெள்ளாட்டு மாதிரி பத்தைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் உங்கள் வட்டங்கள். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது, ஆனாலும் மெத்தனால் ஈரம் குடித்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஸ்மியர் நன்றாகக் காயாமல் இருந்தாலோ, ஸ்டெயினில் உள்ள மெத்தனால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்திருந்தாலோ சிவப்பணுவுக்குள் வட்டமாக, ஓரம் கூர்மையாக ஒன்று தெரியும். ஃபைன் ஃபோகஸை மேலும் கீழும் திருப்பிப் பாருங்கள். பளபளவென்று மின்னினால் அது ஈரம். பபீசியா மின்னாது, அதற்கு நீலச் சைட்டோபிளாசமும் செந்நீல நியூக்ளியஸும் இருக்கும். கடற்கரை ஊரில் லெய்ஷ்மன் பாட்டிலை அடிக்கடி திறந்து வைத்தால் இது வரத்தான் செய்யும். எந்த இயந்திரம் வாங்கினாலும் இந்த மெத்தனாலைச் சரி செய்யாவிட்டால் அதே வட்டங்கள் 60 ஸ்லைடிலும் ஒரே மாதிரி அழகாக வரும்.

திருகாணி:

நான் உயிர்மருத்துவக் கருவிகள் பக்கம். ஒரு கால்நடைக் கல்லூரி நண்பருக்காகப் பழைய முப்பரிமாணப் பிரிண்டரின் சட்டத்தை வைத்து டிப்பிங் கருவி செய்து கொடுத்தேன், ஆர்டுயினோவில் ஓடுகிறது. செய்ய முடியும், ஆனால் சில விஷயங்களைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம், நீங்கள் படவேண்டாம்.

முதலில், லெய்ஷ்மனை டிப்பிங்கில் செய்ய முயலாதீர்கள். லெய்ஷ்மன் என்றால் முதல் 2 நிமிடம் நீர்க்காத ஸ்டெயின், அதிலுள்ள மெத்தனாலே செல்களை ஸ்லைடில் நிலைக்க வைக்கும் (ஃபிக்ஸ்), பிறகு அதன் மேலேயே இரண்டு மடங்கு பஃபர் (பிஎச் மாறாத கரைசல்) விட்டுக் கலந்து 8, 10 நிமிடம். ஸ்லைடு மேலேயே கலக்கும் வேலை இது, ஜாடியில் முக்கும் இயந்திரக் கைக்கு ஒத்துவராது. மெத்தனாலில் தனியாக 3 முதல் 5 நிமிடம் ஃபிக்ஸ் செய்து, பிறகு பஃபரில் 10-க்கு 1 என்று நீர்த்த ஜீம்சா சாயத்தில் 25, 30 நிமிடம் என்று மாறிவிட்டோம். ஒட்டுண்ணி பார்ப்பதால் பஃபர் 7.2 பிஎச், வெள்ளணு வகைகளை எண்ணும் வழக்கமான டிஎல்சிக்கு 6.8 போதும். நீர்த்த ஜீம்சாவை அன்றன்று கலக்க வேண்டும், நேற்றையது படிந்துபோய்ப் புள்ளி புள்ளியாக ஒட்டும், அனபிளாஸ்மா தேடுகிறவருக்கு அந்தப் புள்ளிகள் நரகம்.

இரண்டாவது, எங்களுக்கும் உங்கள் வட்டங்கள் வந்தன. காரணம் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. கடைசிக் கழுவலை முடித்த கை, அடுத்த சுற்றுக்குத் திரும்பும்போது மெத்தனால் ஜாடிக்கு மேலாகப் போனது. ஒவ்வொரு முறையும் நாலு சொட்டுத் தண்ணீர் உள்ளே. ஜாடி வரிசையை மாற்றி, மெத்தனாலுக்குத் தானாக மூடும் மூடி வைத்த பிறகு நின்றது.

மூன்றாவது நெருப்பு. மெத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸ் அளவுதான், நம் ஊர் அறையில் எந்த நேரமும் ஒரு பொறி பட்டாலே பற்றக்கூடியது. மோட்டார், வயர், ரிலே எல்லாவற்றையும் ஆவியை வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்கு வெளியே வைத்து நீண்ட தண்டு மட்டும் உள்ளே போகட்டும். கரண்ட் போனால் கை ஸ்லைடுகளோடு ஜீம்சாவுக்குள்ளேயே நின்றுவிடும், அதனால் யுபிஎஸ்ஸில் போட்டு, மின்சாரம் போனதும் மேலே தூக்கிக்கொள்ளும்படி எழுதுங்கள்.

செவ்வணு:

திருகாணி சொன்னதோடு ஒன்று. ஜாடியில் முக்கினால் ஒரு ஸ்லைடிலிருந்து கழன்ற செல்கள் அடுத்ததில் ஒட்ட வாய்ப்புண்டு. ஒட்டுண்ணி ஆய்வில் இது சின்ன விஷயம் இல்லை. சுத்தமான நெகட்டிவ் ஸ்லைடு ஒன்றை ஒவ்வொரு ராக்கிலும் கடைசியில் போட்டுப் பாருங்கள். ஏரோஸ்ப்ரே வகை இயந்திரம் சுழலும் தட்டில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் புது ஸ்டெயினைப் பீய்ச்சும். ஹீமாடெக் என்ற இயந்திரம் ஸ்லைடைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகும், மணிக்கு 60 வரை. இரண்டிலும் இந்தக் கவலை குறைவு. ரீஏஜென்ட் செலவை மட்டும் ஒரு வருடத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

பழைய டெக்னீஷியன்:

ஸ்மியர் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். 25 கிராம் சுண்டெலியின் உடம்பில் மொத்த ரத்தமே 2 மில்லிக்குள். ஒரு தடவைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அதில் கவுண்டருக்குப் போக மீதியை இயந்திரத்தின் குழாய்க்குக் கொடுப்பதா? கையால் போட ஒரு சின்னச் சொட்டு போதும்.

மூன்று பேரும் ஒரே மாதிரி இழுக்கப் பழக ஒரு வாரம் போதும். பிசிவியை (ஹீமடோகிரிட்தான்) முதலில் பாருங்கள். பபீசியா வந்து பிசிவி 15 சதவீதத்துக்கு இறங்கிய நாயின் ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடும், ஸ்ப்ரெடரைக் கொஞ்சம் நிமிர்த்தி வேகமாகத் தள்ளுங்கள். கெட்டி ரத்தத்துக்கு நன்றாகச் சாய்த்து மெதுவாக. எல்லோரும் ஒரே ஸ்ப்ரெடர் வகையைப் பயன்படுத்துங்கள், ஓரம் உடைந்ததைத் தூக்கிப் போடுங்கள். ஹீமாப்ரெப் மாதிரி, சொட்டை நாம் வைத்தால் இழுத்துக் கொடுக்கும் சின்ன மேசைக் கருவியும் உண்டு, ஆள் மாறினாலும் கை மாறாது.

நாயில் பபீசியா தேடினால் காது நுனி ரத்தத்தில் ஒரு ஸ்மியர் உடனே போட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க இடிடிஏ போட்ட குழாயில் நேரம் ஆக ஆக மோனோசைட் என்ற வெள்ளணுவில் குமிழ்கள் வரும், எர்லிக்கியா தேடுகிறவருக்குக் குழப்பம். போஸ்ட்மார்ட்டம் அறைக்குப் பக்கத்தில் ஸ்டெயின் செய்கிறீர்களா? ஃபார்மலின் ஆவி பட்டாலே ஸ்லைடு நீலம் பாயும். உங்கள் "ஒருவர் ஸ்லைடு மட்டும் நீலம்" என்பதற்கு அவர் உட்காரும் இடத்தைப் பாருங்கள்.

வேப்பமரத்தடி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று அந்த ஸ்லைடுகளை எடுத்து ஃபோகஸைத் திருப்பிப் பார்த்தோம். மின்னுகிறது, எல்லாமே. புது மெத்தனால் பாட்டிலைத் திறந்து அதே தொகுதியில் ஸ்டெயின் செய்யாமல் வைத்திருந்த இரண்டாவது ஸ்லைடுகளைச் செய்தோம், ஒரு வட்டம்கூட இல்லை. நீல ஸ்லைடுக்காரரின் மேசைக்குப் பின்னால் உள்ள கதவு திறந்தால் திசு வெட்டும் அறை, ஃபார்மலின் வாடை நேராக வருகிறது. பெரியவர் சொன்னது சரி.

முழுத் தானியங்கி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஸ்டெயினருக்கு மட்டும் விலை கேட்கிறோம். திருகாணி, அந்த மூடி எப்படித் திறந்து மூடுகிறது, ஒரு படம் போடுங்களேன்.

திருகாணி:

சாயங்காலம் போடுகிறேன். சர்வோ மோட்டார் வேண்டாம், கை இறங்கும்போது அதுவே தள்ளித் திறக்கும் கீல் மூடிதான், மேலே போனதும் தன் எடையில் விழுந்து மூடிக்கொள்ளும்.