பேச்சை நிறுத்திவிட்டவரோடு எப்படிப் பேசுவது?

அக்காமாரே, தங்கைமாரே, இலங்கையின் மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து எழுதுகிறேன். 2024 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் பெரும்போக வேளாண்மை அழிந்தது. அடகு வைத்த நகையை இன்னும் மீட்கவில்லை. அன்றிலிருந்து என் கணவர் மரத்துப்போனவராக இருக்கிறார். சண்டை இல்லை, குடி இல்லை. கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார். பிறகு வயல் வட்டைக்குப் போய் அங்குள்ள வாடிக் குடிசையிலேயே இரவைக் கழிப்பார். மகள் ஓடிவந்து மடியில் ஏறினாலும் முகம் மாறுவதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடும் நெருக்கடியில் மனம் தன்னைக் காத்துக்கொள்ள உணர்வுகளை ஒடுக்கிவிடும் என்று அறிவேன். தம்பதியரை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன், வாக்குவாதத்தில் உடல் கொதித்தெழுந்தால் குறைந்தது 20 நிமிடம் விலகியிருந்துவிட்டுப் பேசச் சொல்கிறார். ஆனால் இவருடைய விலகல் மாதக்கணக்கில் நீள்கிறதே!

தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைப்போம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். தயவுசெய்து "பொறுத்துப் போ" என்று மட்டும் எழுதாதீர்கள். வற்புறுத்தாமல் அவர் பக்கத்தில் இருப்பது எப்படி? பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தரிடம் முதலில் நான் மட்டும் போகலாமா? அப்படிப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?